சுற்றி வந்த கேக்

குளிர்காலம் வந்தால் மற்றவர்கள் வீட்டில் ஜலதோஷம் வரும். கண்ணாடிக்காரர் வீட்டில் கேக் வரும். ஜலதோஷத்துக்காவது மருந்து உண்டு.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். காலையிலிருந்து இருட்டறையில் உட்கார்ந்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா? எனக்காகச் சொல்லாதீங்க, தெரியறதச் சொல்லுங்க" என்று ஊரையெல்லாம் உண்மை பேச வைப்பவர். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அந்த உண்மையையும் சேர்த்து ஆணியில் மாட்டிவிடுவார்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் பெயர் பதிகிற வேலை. அங்கே ஓர் எழுத்துப் பிசகாது. சனிக்கிழமை அடுப்படிக்குள் நுழைந்தாலோ, அளவு என்ற சங்கதியே அவளுக்கு மறந்துவிடும். மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு, வெண்ணெய்க்குப் பதில் கைக்கு அகப்பட்டது, சர்க்கரை பாதி, ஏனென்றால் அதுதான் உடம்புக்கு நல்லதாம். மாவை ஊற்றியதும் நாலு மூலையிலும் ஒவ்வொரு கிராம்பைப் புதைப்பாள். அது அவள் சொந்தக் கண்டுபிடிப்பு. உலகத்தில் வேறு யாருக்கும் அந்த யோசனை வந்ததில்லை, வரவும் வேண்டாம். அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓவன் கதவைத் திறந்து, தூங்குகிற குழந்தையைப் பார்ப்பது போல எட்டிப் பார்ப்பாள். உப்பி எழுந்த கேக் குளிர்காற்று பட்டு நடுவில் பொத்தென்று உட்கார்ந்துவிடும். இதில் விசேஷம், அவள் ஒரு துண்டு தின்ன மாட்டாள். வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடுமாம். கொடுத்து வைத்தவள்.

இது தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது. அந்தக் குளிர்காலத்தில் அவள் தன் தாயைப் பறிகொடுத்து, ஒரு மாதம் போர்வையை விட்டு எழவில்லை. ஒரு சனிக்கிழமை தானாக எழுந்தாள், தலை வாரினாள், கேக் செய்தாள். கண்ணாடிக்காரர் ஒரு வாய் வைத்தார். "பிரமாதம்" என்றார். அன்றைக்கு அவள் செங்கல்லைச் சுட்டுக் கொடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். எழுந்து வந்தாளே என்று அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதில் ஒரு தப்பும் இல்லை. அடுத்த சனிக்கிழமையும் அதையே சொன்னாரே, அங்கேதான் மனுஷன் மாட்டிக்கொண்டார்.

சனிக்கிழமைதோறும் இரண்டு கேக். ஒன்றைக் கண்ணாடிக்காரர் தனி ஆளாகத் தின்று தீர்க்க வேண்டும். இன்னொன்று, முறை வைத்து, மேல் வீட்டுப் பல் டாக்டருக்கோ எதிர் வீட்டு டியூஷன் டீச்சருக்கோ கீழ் வீட்டு பஸ் டிரைவருக்கோ போகும். தட்டைக் கழுவித் திருப்பித் தரும்போது எல்லாரும் ஆகா ஓகோ என்று புகழ்ந்தார்கள். பல் டாக்டருக்காவது புகழ்வதற்குத் தொழில்ரீதியாக ஒரு காரணம் இருந்தது.

பலன், இந்தச் சனிக்கிழமை வந்து சேர்ந்தது.

"ஏங்க, திங்கக்கிழமை ராஜினாமா லெட்டர் குடுத்துடப் போறேன். கேக் கடை போடலாம்னு இருக்கேன். இத்தன பேர் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

பதினெட்டு வருஷ வேலை. இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். "நல்லா யோசிச்சியா?" என்றுதான் வந்தது.

"ஆறு வருஷமா யோசிக்கறேன்" என்றாள்.

அவருடைய வீரம் அதோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லலாம் என்று நாள் குறித்தார். காலையில் அவள் சந்தோஷமாக இருந்தாள், அதனால் சொல்லவில்லை. மத்தியானமும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பெரிய இடைஞ்சல்தான்.

சாயங்காலம் டிரைவரின் மனைவி ஒரு கேக்கோடு வந்தாள். "நானே செஞ்சேன்க்கா. எப்பவும் நீங்களே குடுத்தா எப்படி?" என்று நீட்டிவிட்டு, நிற்காமல் படி இறங்கிப் போய்விட்டாள்.

அடுப்பில் கேரட் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. மனைவி கேக்கை வெட்டினாள். கண்ணாடிக்காரருடையது பழகிய கண் அல்லவா, வெட்டிய இடத்தைப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது. க்ரீம் ஓரத்தில் விரல் கனம், நடுவில் நாலு விரல் கனம். அந்தப் பள்ளம் அவருக்குத் தெரியாததா? முந்தின வாரச் சனிக்கிழமை மேல் வீட்டுக்குப் போன கேக் அது. டாக்டர் டீச்சருக்குத் தள்ளிவிட்டிருக்கிறார், டீச்சர் டிரைவர் வீட்டுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். டீச்சர் செய்தது என்று நம்பி, டிரைவர் மனைவி பள்ளத்தைப் பூசி மெழுகி இங்கே கொண்டுவந்துவிட்டாள். ஒருத்தர்கூடக் கத்தி வைக்கவில்லை. குளிர் புண்ணியத்தில் கெட்டும் போகவில்லை.

மனைவி ஒரு துண்டை எடுத்தாள். இப்போதாவது அவர் தடுத்திருக்கலாம். தான் சொல்ல வேண்டியதைக் கேக்கே சொல்லட்டும் என்று பேசாமல் இருந்தார். அப்பேர்ப்பட்ட தைரியசாலி.

"ஐயையே! என்னங்க இது, மரத்தூளா? சர்க்கரையே இல்ல. நடுவுல வேகவும் இல்ல. பாவம், வீட்டுக்காரர்னு ஒருத்தர் இருக்காரே, அவராவது வாய்விட்டுச் சொல்லக் கூடாது?"

கண்ணாடிக்காரர் சூப் பாத்திரத்தைப் பார்த்தார்.

அடுத்த வாயில் அவள் பல்லில் ஏதோ கடிபட்டது. எடுத்துப் பார்த்தாள். கிராம்பு. கத்தியை எடுத்து மற்ற மூன்று மூலைகளையும் கிளறினாள். மூன்றும் இருந்தன.

"இது என்னோடது" என்றாள்.

"ஆமா."

"இத்தன வருஷமா இப்படித்தானா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஒரு மாதத்தை, போர்வையை, முதல் வாயை, அப்புறம் சொல்ல வாய் வராமல் போனதை. அவள் கத்தவில்லை, அழவில்லை. கைப்பையிலிருந்து லெட்டரை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். அப்பாடா என்றிருந்தது அவருக்கு. வேலை தப்பியது, பொய்யும் ஒழிந்தது, இவ்வளவு சுலபமா என்று நினைத்தார்.

அவள் பழக்கதோஷத்தில் இரண்டு கிண்ணங்களில் சூப் ஊற்றினாள். அவர் குடித்தார். மிளகின் காரம் நெஞ்சு வரை இதமாக இறங்கியது. அப்படி ஒரு சூப்பை அவர் எந்த ஓட்டலிலும் குடித்ததில்லை.

"சூப் ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சத்தியமாம்மா. இது நெஜம்."

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள்.