மூன்றாவது மனைவி

பிரசங்க மேடையில் ஏறிய பாதர் டோலன் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலஞ்சென்ற சூசைதாசன் குதிரையிலிருந்து விழுந்து ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர் என்று அறிவித்தார்.

முன் வாங்கில் இருந்த பியற்றிஸ் மகளைப் பார்த்தாள். பஸ்ஸிலும் கடையிலும் சமாளிக்கிற இங்கிலிஷ்தான் அவளுடையது. பிழையாக விளங்கிவிட்டது என்று நினைத்தாள்.

“அப்பா குதிரையால விழுந்து கண் போனதாம்,” என்று அஞ்சலீனா காதுக்குள் சொன்னாள்.

“எந்தக் குதிரை?”

“ஹொலிவூட் குதிரை, அம்மா.”

பியற்றிசுக்கு எல்லாம் வெளித்துவிட்டது. அட, பாவி மனுசா!

சூசைதாசன் யாழ்ப்பாணத்துத் தியேட்டர் ஒன்றில் ரிக்கற் கிழித்தவர். எண்பத்தாறில் லண்டனுக்கு வந்தபின் கோலியர்ஸ் வுட்டில் ஒரு பெற்றோல் ஸ்ரேசனில் வேலை. ஆனால் கிளேட்டன் மார்ஷ் என்ற பழைய ஹொலிவூட் டைரக்டர் என்றால் மனுசனுக்கு உயிர். கலியாண வீடோ பிறந்தநாளோ, இரண்டு கிளாஸ் உள்ளே போனால் மார்ஷின் சரித்திரத்தை அவிழ்த்துவிடுவார். அதையும் ‘அவர் செய்தார்’ என்று சொல்லமாட்டார். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, “நான் குதிரையால விழுந்தன்!” என்றுதான் தொடங்குவார். சனத்துக்கு அது பழகிவிட்டது. சிரித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு எழும்பிப் போவார்கள். அயர்லாந்துக்காரப் பாதருக்கு அது எப்படித் தெரியும், பாவம்?

கடைசிக் கிழமை பாதர் ஆஸ்பத்திரிக்கு வந்த இரண்டு பின்னேரமும், “நீ கொஞ்சம் வெளியில இரு, நான் பாதரோட கதைக்கவேணும்,” என்று சூசைதாசன் அவளை அனுப்பிவிட்டார். பாவசங்கீர்த்தனமாக்கும் என்று அவளும் பிட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே இருந்தாள். உள்ளே தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லுவாரா என்பதுதான் அவளுடைய ஏக்கம். மார்ஷின் மூன்று பெண்சாதிமாரின் தலைமயிர் நிறம்வரைக்கும் ஒப்புவிக்கிற மனுசன், கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளுடைய பிட்டை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, “உப்புக் குறைவு” என்றுதான் கை கழுவுவார். வேறு ஒரு சொல் கிடையாது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இன்றைக்கும் அவள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். பாதரோ அமெரிக்காக் கதையிலேயே நிற்கிறார்.

ஸ்ரூடியோ முதலாளியின் சூப்புக் கோப்பைக்குள் சூசைதாசன் கதைப் பேப்பரை முக்கி எடுத்ததைப் பாதர் சொன்னபோது, இங்கிலிஷ் விளங்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அறுபது படம் என்றதும் பின் வாங்கில் ஒருவர் வாய்விட்டே கேட்டார்:

“அறுபது படம் எடுத்தவர் என்னத்துக்கு இஞ்ச வந்து பெற்றோல் வித்தவர்?”

அஞ்சலீனா முகத்தைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. பிள்ளை தகப்பனை நினைத்து அழுகிறாள் என்று பின்னாலிருந்த பெண்கள் உச்சுக் கொட்டினார்கள்.

“அவர் மூன்று முறை மணமுடித்தவர்,” என்றார் பாதர். பிறகு குரலைத் தாழ்த்தி, முதல் இரண்டும் கோயிலுக்கு வெளியே நடந்தவை, ஆண்டவர் இரக்கமுள்ளவர் என்றும் சேர்த்துக்கொண்டார்.

சூசைதாசனின் தமக்கை கத்தரினுக்கு அவ்வளவு இங்கிலிஷ் தெரியும். அவளுடைய கையிலிருந்த செபமாலை நழுவி விழுந்தது.

“மூண்டோ? என்ரை தம்பியோ? ஒண்டையே நாங்கள் பிடிச்சுக் கட்டிவைச்சது!”

பியற்றிசுக்கு அந்தக் கதை முழுக்கப் பாடம். மார்ஷின் மூன்றாவது பெண்சாதி தங்க மயிர்க்காரி, குதிரை வியாபாரி ஒருவனோடு ஓடிப்போனவள். மாதாவே, சவப்பெட்டியில் மனுசன் கிடக்க, இவ்வளவு சனத்துக்கும் முன்னால் நான் குதிரைக்காரனோட ஓடப்போறனே!

“மூன்றாவது மனைவி,” என்று பாதர் தொடங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பியற்றிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். மகள் மொழிபெயர்க்கவில்லை. குலுங்கிய தோளும் நின்றுவிட்டது.

“என்னடி, ஓடிட்டாளோ?”

“இல்லையம்மா.” அஞ்சலீனாவின் குரல் மாறியிருந்தது. “ஒவ்வொரு நாளும் ஸ்ரூடியோ கேற்றடியில சாப்பாட்டோட நிப்பாவாம். மாவும் தேங்காய்ப்பூவும் போட்டு அவிச்ச சாப்பாடாம்.”

பியற்றிஸ் கண்ணைத் திறந்தாள்.

“அப்பா ஒருநாளும் நல்லாயிருக்கு எண்டு சொன்னதில்லையாம். சொன்னால் அவ அழுதுபோடுவா எண்டு பயமாம். உப்புக் குறைவு எண்டு சொல்லிப்போட்டு எழும்பிடுவாராம்.” அஞ்சலீனா மூக்கை உறிஞ்சினாள். “ஒருநாளும் உப்புக் குறைஞ்சதில்லையாம், அம்மா.”

அடக்கம் முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி கொடுக்கும்போது கத்தரின் பொங்கிக்கொண்டு வந்தாள்.

“பியற்றிஸ், அந்தச் சுவாமியிட்டை இப்பவே போய்ச் சொல்லு! என்ரை தம்பியின்ரை பேர் நாறுது. மூண்டு கலியாணமாம்! ஆர் அந்த மற்ற ரெண்டு பேரும்?”

“எனக்குத் தெரியாது மச்சாள். நான் கடைசியாத்தானே வந்தனான்.”

“உனக்கென்ன, விசரே?”

அதற்குள் பாதரே வந்து பியற்றிசின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த மூன்றாவது மனைவி நீங்கள்தானா என்று மெல்லக் கேட்டார். அஞ்சலீனா தாயைப் பார்த்தாள். இப்போது சொன்னால் எல்லாவற்றையும் திருத்திவிடலாம்.

“யெஸ் பாதர்,” என்றாள் பியற்றிஸ். “தேர்ட்.”

கத்தரின் தலையில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டார் சமைத்துக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பியற்றிசுக்குப் பசியில்லை. மகளின் வற்புறுத்தலில் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து, ஒரு பிடி பிட்டைச் சம்பலோடு குழைத்து வாயில் வைத்தாள். மெதுவாகச் சப்பினாள். சூசைதாசன் எப்போதும் இருக்கும் கதிரையில் யாரோ கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள்.

“உப்புக் குறைவு,” என்றாள்.

கத்தரின் உப்புப் போத்தலை எடுத்து நீட்டினாள். பியற்றிஸ் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கோப்பையை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டாள்.