பட்டியலில் நான்காவது கட்டடம்

மூன்றாவது தடவையாக மாநகராட்சியின் கட்டட அனுமதிக் கவுண்டர் முன்னால் போய் நின்றபோதுதான் சபீஹாவுக்குக் காரணம் தெரிந்தது. அதுவரை "அடுத்த வாரம் வாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த குமாஸ்தா, அன்று கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"உங்க வீடு லிஸ்ட்ல இருக்கு மேடம். பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடம்னு உங்க ஏரியா சங்கமே எழுதிக் குடுத்திருக்காங்க. அவங்க எடுத்துட்டாதான் உங்க பிளான் மேல போகும்."

"எங்களைக் கேக்காமயா?"

"அதை நீங்க அவங்களைத்தான் கேக்கணும்."

குரோம்பேட்டை வெயிலில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நின்றபோது அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது.

தொண்ணூறு வருடத்து வீடு. தோல் வியாபாரம் செழித்திருந்த காலத்தில் அவள் கணவர் ஷாகுலின் தாத்தா கட்டியது. தெருவில் போகிறவர்களுக்கு ஜன்னல்களுக்கு மேலே பதித்த சிவப்பு, பச்சைக் கண்ணாடிகள் தெரியும். மழை பெய்தால் உள்ளே எத்தனை இடத்தில் வாளி வைக்க வேண்டும் என்பது தெரியாது. கழிப்பறை முற்றத்துக்கு அந்தப் பக்கம். மூன்று படி இறங்கி, இரண்டு படி ஏற வேண்டும். போன வருடம் ஷாகுலுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட பிறகு, ஒவ்வொரு தடவையும் அவரைத் தோளில் தாங்கி அந்தப் படிகளைக் கடத்துகிறவள் அவள்தான். ஐப்பசி மழையில் இரண்டு பேருமாக வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் நனைந்துகொண்டே கிடந்தார்கள். வீட்டை இடித்து ஃபிளாட் கட்டலாம் என்று ஷாகுலும் அவர் தம்பிகள் இருவரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட ஒன்பது வருடம் ஆகியிருந்தது. கீழ்த்தளம் ஷாகுலுக்கும் அவளுக்கும். படுக்கையறையை ஒட்டியே பாத்ரூம். வரைபடத்தில் அவள் திரும்பத் திரும்பப் பார்த்தது அந்தச் சின்னச் சதுரத்தைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டு ரத்தினத்தை ஷாகுலுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, பூங்காவை ஒட்டிய சங்க அறைக்குப் போனாள். கையில் ஒரு ஃபைல். டாக்டர் சீட்டு, வாளிகளின் புகைப்படம், கையெழுத்துக் காகிதத்தின் நகல். என்ன கேட்டால் என்ன சொல்வது என்று மூன்று நாளாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள்.

"உங்களுக்குப் பெருமைதானேம்மா? ஊருக்கே அடையாளம் அந்த வீடு" என்றார் செயலாளர் பத்ரிநாராயணன்.

"ஊருக்கு அடையாளமா இருக்கட்டும் சார். நாங்க அதுல பாத்ரூம் போகணும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பத்ரிநாராயணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கார்ப்பரேஷன்ல அஞ்சு கட்டடம் கேட்டாங்க. நாலு மீட்டிங் போட்டோம். ரெண்டு கோவில், ஒரு சர்ச். இதுல எதை விட்டாலும் சண்டை. ஏரி மதகு ஒண்ணு. இன்னும் ஒண்ணு தேவைப்பட்டுது. மதகுக்கு முன்னாடி, நாலாவதா உங்க வீட்டைப் போட்டோம். யாரும் ஆட்சேபிக்கல."

"நான் இருந்திருந்தா ஆட்சேபிச்சிருப்பேன். பொன்னுரங்கம் அண்ணாவோட ரைஸ் மில் என்னாச்சு? அது எங்க வீட்டை விடப் பழசு."

முன் வரிசையில் இருந்த பொன்னுரங்கம் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "அத்தத்தான்மா மொதல்ல எழுதுனாங்க. நாந்தான் அட்சிட சொன்னேன். அங்க கல்யாண மண்டபம் கட்டிகினு கீறேன் இல்ல."

சபீஹா பத்ரிநாராயணன் பக்கம் திரும்பினாள். "உங்க அபார்ட்மென்ட் இருக்கிற இடத்துலயும் ஒரு பங்களா இருந்துச்சே சார்?"

"அப்போ லிஸ்ட் எல்லாம் இல்லம்மா" என்றார் பத்ரிநாராயணன்.

கல்லூரியில் கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கும் கிறிஸ்டினா எழுந்தாள். முப்பது வயது இருக்கும். "சார், அந்த மாதிரி கண்ணாடி வேலை இந்தப் பக்கம் வேற எங்கயும் இல்ல. போச்சுன்னா போனதுதான்."

சபீஹா அவளுக்குப் பதில் சொல்ல ஃபைலைத் திறந்தாள். அதற்குள் பத்ரிநாராயணன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வருவது என்பது அடுத்த விஷயம். அதற்காகத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

"வீட்டுக்காரங்களுக்கே இஷ்டம் இல்லேன்னா நமக்கு எதுக்கு? எடுத்துடலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. கிறிஸ்டினா மட்டும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நாலாவதுக்கு?"

"பஸ் ஸ்டாப் நெழக்கொடய போடு சார். கல்வெட்டுகூட கீது" என்றார் பொன்னுரங்கம்.

"அது தொண்ணூத்தெட்டுல கட்டினது."

"பழசுதான?"

பத்ரிநாராயணன் எழுதிக்கொண்டார். சபீஹா திறந்த ஃபைலோடு நின்றாள். வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனாலும் ஒரு சீட்டைக்கூட யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. தொண்ணூறு வருடத்தை, லாரிக்கு நேரம் குறிப்பதை விடச் சீக்கிரமாகப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். இன்னும் ரெண்டு பேராவது எதிர்த்திருக்கலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. "இப்பவே லெட்டர் எழுதி சீல் வச்சுக் குடுங்க சார்" என்று மேஜையை விட்டு நகராமல் நின்று வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் கிறிஸ்டினா காத்திருந்தாள். "சாரி ஆன்ட்டி. உங்க வீட்டைச் சொன்னதே நான்தான்."

"உள்ள வந்து பாத்திருக்கியா?"

"இல்ல. தினமும் காலேஜ் போகும்போது வெளியில இருந்து பாப்பேன்."

"வந்து கேட்டிருக்கலாம்ல? பெல்லு நல்லாத்தான் வேலை செய்யுது."

கிறிஸ்டினா தலையைக் குனிந்துகொண்டாள். "இடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்து வரைஞ்சு வச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வரைஞ்சு என்ன பண்ணுவே?"

"தெரியல ஆன்ட்டி. எங்கயாவது இருக்கட்டும்."

சபீஹா லெட்டரை ஃபைலுக்குள் வைத்தாள். "நாளைக்கு வா. பத்து மணிக்கு வந்து பன்னெண்டுக்குள்ள முடிச்சிடணும்."

மறுநாள் மூன்று மணியாகியும் முடியவில்லை. ஒவ்வொரு ஜன்னலையும் இரண்டு தடவை அளந்தாள் அந்தப் பெண். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஷாகுல், குழறும் வார்த்தைகளில், எந்தச் சுவர் பிறகு எழுப்பியது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக அவர் அத்தனை பேசி சபீஹா கேட்டதில்லை. அடுப்பில் வேலை கிடக்கிறது என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் வீட்டின் நீளம் மட்டும் பாக்கி. டேப்பின் ஒரு நுனியை முன்சுவரில் வைத்துப் பிடிக்கச் சபீஹாவிடம் சொல்லிவிட்டு, கிறிஸ்டினா அதை இழுத்துக்கொண்டே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கதவுகளையும் கடந்து போனாள். கூடத்தின் நடுவில் மஞ்சள் நாடா தரையிலிருந்து எழும்பி ஆடியது. சபீஹாவின் விரலுக்கடியில் சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"பிடிச்சிருக்கீங்களா ஆன்ட்டி?" தூரத்திலிருந்து குரல் வந்தது.

"பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன். சீக்கிரம் சொல்லு."

நாடா விறைத்து அவள் கையை இழுத்தது. அவள் இன்னொரு கையையும் அதன் மேல் வைத்துச் சுவரோடு அழுத்திக்கொண்டாள்.