ஒரு ஹாரன் என்றால் ஆமாம்

அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு வண்டியின் பழைய ஆயிலை இறக்கினால், கடைசியாக ஆயில் மாற்றிய நாளிலிருந்து அன்றுவரை அந்த வண்டிக்குள் பேசியதெல்லாம், பேசியவர்களின் குரலிலேயே தட்டில் விழுந்து ஒலிக்கும். எல்லா ஊரிலும் ஆயில் ஓட ஓடக் கறுக்கும்; இங்கே கறுத்ததோடு நிற்காமல் வாயையும் திறந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வழி கேட்டது, விலை விசாரித்தது போன்ற லேசான பேச்சு இஞ்சின் சூட்டில் ஆவியாகிவிடும். மனதிலிருந்து வந்த கெட்டியான பேச்சு மட்டும் அடியில் தங்கும். முதலில் மாட்டிக்கொண்டவர் ஜவுளிக்கடைக்காரர். அவருடைய காருக்கு ஆயில் இறக்கியபோது பக்கத்தில் அவர் மச்சான் நின்றிருந்தார். ஆயில் மச்சானைப் பற்றி அரை லிட்டருக்கு விடாமல் பேசியது. மச்சான் காரில் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனார். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது அதே கார், "அவன் இல்லாம கடையே வெறிச்சுனு இருக்கு" என்று புலம்பியதை யாரோ போய்ச் சொல்ல, மச்சான் மறுநாளே கல்லாவில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஒர்க்‌ஷாப்பை நடத்தியவள் ஒரு பெண். ஊரே அவளை மெக்கானிக்கம்மா என்றுதான் கூப்பிட்டது. இதைப் பற்றி வியக்க அவளுக்கு நேரமில்லை. யாராவது வாய்பிளந்து நின்றால், "அழுக்கை எல்லாம் தன்மேல இழுத்துக்கறதுதான் ஆயிலோட வேலை. பேச்சை மட்டும் விட்டு வைக்குமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த நட்டைக் கழற்றப் போய்விடுவாள். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் காது வைக்கக் கூடாது என்பது அவள் கொள்கை. அதனால் இஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, ஆயில் சூடானதும் அடியில் ஆயில் இறங்கும் வழியை மூடியிருக்கும் நட்டைக் கழற்றுவதற்கு முன் காற்றடிக்கும் கம்ப்ரசரைப் போட்டுவிடுவாள். அது போடும் கூச்சலில் ஆயில் பேசுவது தட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் வண்டிக்காரருக்கு மட்டும்தான் கேட்கும். கார்களுக்கு இந்த ஏற்பாடு சரியாக இருந்தது. டீசல் லாரிகளுக்குத்தான் சிக்கல். காற்று நிரம்பியதும் கம்ப்ரசர் தானாக நின்றுவிடும். லாரியின் ஆயிலோ அதற்குள் பாதிகூட இறங்கியிருக்காது. மீதியைத் தெருவே கேட்டுச் சிரிக்கும். பேச்சு சேரச் சேர ஆபத்து என்று புரிந்துகொண்ட ஊர்க்காரர்கள், நாள் தவறாமல் வந்து ஆயில் மாற்றினார்கள். எந்த ஊரிலும் இல்லாத அளவுக்கு அந்த ஊர் இஞ்சின்கள் ஆரோக்கியமாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு பழைய பஸ் சீட்டில் அவள் அப்பா உட்கார்ந்திருப்பார். வாழ்நாள் முழுக்க இஞ்சின்களுக்கு நடுவே இருந்ததில் அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. ஊர் ரகசியம் அத்தனையும் காலடியில் ஓடியும் ஒரு சொல்கூட அவருக்கு எட்டவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் கழுத்தை நீட்டி, "என்ன சொல்லுது? என்ன சொல்லுது?" என்று கேட்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே குறை அதுதான்.

இனி லாரிக்காரர். அவரை எல்லோரும் ஹாரன் என்றுதான் அழைத்தார்கள். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் காது மடல் வரை சிவந்து, வந்த சொல் வந்த வழியே உள்ளே போய்விடும். அதனால் எதைக் கேட்டாலும் லாரிக்குள் கையைவிட்டு ஹாரன் அடிப்பார். ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. பெரும்பாலான காரியங்களுக்கு இதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் கேபின் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டால் மனிதர் மடை திறந்த மாதிரி பேசுவார். மேடு ஏறும்போது லாரிக்குத் தைரியம் சொல்வார், மழையோடு சண்டை போடுவார், பாட்டும் உண்டு. அவர் ஆயில் இறங்கும் நாளில் கம்ப்ரசர் நின்றபின் பக்கத்துக் கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கேட்பார்கள்.

ஒருநாள் மெக்கானிக்கம்மா ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துணி எட்டாததால் தன் சட்டைக் கையிலேயே துடைத்தபடி, "இத்தனை வண்டியில உங்க வண்டி ஆயில்தான் யாரையும் திட்டறதில்லை" என்று சொல்லிச் சிரித்தாள். அன்றோடு தொலைந்தார் ஹாரன். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். லோடு இறக்கும் இடம் வந்தும் பேச்சு முடியவில்லை. திரும்பும் வழியில்தான் அவருக்குச் சுரீரென்று உறைத்தது: பேசியதெல்லாம் ஆயிலில் ஏறிக்கொண்டிருக்கிறது, அந்த ஆயிலை இறக்கப்போவது அவள். வாயை மூடிப் பார்த்தார், முடியவில்லை. வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போகவும் மனம் வரவில்லை. அவளுக்குத் துரோகம் செய்வதாகத் தோன்றியது. கடைசியில் டீசல் லாரி வைத்திருப்பவன் செய்யவே கூடாத காரியத்தைச் செய்தார். ஆயில் மாற்றாமல், குறையக் குறைய மேலே ஊற்றி ஊற்றியே ஓட்டினார்.

பழைய பேச்சின் மேல் புதுப் பேச்சு ஏறி, ஆயில் தார் மாதிரி ஆனது. லாரி இருமியது. கறுப்புப் புகை விட்டது. ஒர்க்‌ஷாப்பைக் கடக்கும்போது ஹாரன் தலையைக் குனிந்துகொள்வார். அவளுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு கவலை, அதற்கும் பிறகு பெயர் சொல்லத் தெரியாத ஒரு வேதனை. ஒருநாள் பொறுக்க முடியாமல் தெருவின் குறுக்கே நின்று லாரியை மறித்தாள். அவர் கீழே குதித்து ஓடி வருவதற்குள் கம்பியை உருவிவிட்டாள். அதன் நுனியிலிருந்து ஒரே ஒரு சொட்டு கனமாக விழுந்தது. "அவங்க..." என்றது. ஹாரன் கம்பியைப் பிடுங்கித் திரும்பச் செருகினார்.

"யாரு அவங்க?"

கேபினில் ஏறி ஹாரன் அடித்தார். ஒன்றுமில்லாமல் இரண்டுமில்லாமல், நீளமாக, லாரி தெருமுனை தாண்டும் வரை ஒரே அடி.

அவள் உள்ளே வந்து ஸ்பானரைத் தூக்கி எறிந்தாள். எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள்.

"ஏம்மா, அந்தத் தம்பி லாரிக்கு என்ன? இஞ்சின் போயிடுமா?" என்று கேட்டார் அப்பா.

"இஞ்சின் போனா வேற வாங்கலாம்ப்பா" என்றாள். அவருக்கு அது கேட்கவில்லை. கேட்காததே நல்லது என்று அவளும் இருந்துவிட்டாள்.

ஊருக்கு மேற்கே இருந்த மேட்டில்தான் அது நடந்தது. பாதி ஏற்றத்தில் இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல் சத்தம் வந்தது, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் இஞ்சின் இறுகி ஒரேயடியாக நின்றுவிடும். அந்த லாரியை விட்டால் அவருக்கு வீடு இல்லை, பேச்சுத்துணையும் இல்லை. "என் வெட்கத்துக்கு நீ ஏன் சாகணும்?" என்று லாரியிடம் சொன்னார். இஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் தள்ளி, பிரேக்கை மட்டும் நம்பிச் சரிவிலேயே பின்பக்கமாக உருட்டிக்கொண்டு வந்து ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தினார்.

இஞ்சின் சூடாகவே இருந்தது. மெக்கானிக்கம்மா லாரிக்கு அடியில் குனிந்தாள். தட்டை இழுத்துப் போட்டுவிட்டு கம்ப்ரசர் ஸ்விட்சில் கை வைத்தாள். அப்போது கேபினிலிருந்து ஹாரன் கேட்டது. ஒன்று. இன்னொன்று. வேண்டாம் என்று அர்த்தம். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். அவள் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு நட்டைக் கழற்றினாள்.

முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு கயிறு போல் கறுப்பாக இறங்கியது. "வணக்கம்ங்க, இன்னிக்கு வெயில் ஜாஸ்தி... சே, இது வேணாம். வணக்கம்ங்க, என் வண்டியால உங்க சட்டைக் கையில ஆயில் கறை ஆயிடுச்சு, மன்னிச்சிடுங்க... போன வருஷத்துக் கறைக்கு இப்ப மன்னிப்பு கேட்டா சிரிப்பாங்க. அவங்க சிரிச்சா நல்லாதான் இருக்கும்." மழை பெய்த நாட்களில் ஒரு குரல், மேட்டில் மூச்சு வாங்கும் ஒரு குரல். அவள் ஸ்பானர் பிடிக்கும் விதம், யாரையும் ஏமாற்றாத அவள் பில், அப்பாவுக்கு அவள் டீ ஆற்றிக் கொடுப்பது, எல்லாம் வரிசையாக விழுந்தது. வெட்கம் தாங்காமல் அவர் நெற்றியை ஸ்டீயரிங்கில் சாய்க்க, நடுநடுவே ஹாரன் வேறு அலறியது. கடைசிச் சொட்டு மிக மெல்லியதாக வந்தது. "நாம கல்யாணம் பண்ணிக்கலாமாங்க?"

"என்ன சொல்லுது?" என்று கேட்டார் அப்பா. அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளப் போய் கன்னமெல்லாம் ஆயில் ஆக்கிக்கொண்டாள். பில்டரை மாற்றினாள், இஞ்சினின் உட்பக்கத்தைக் கழுவி, புது ஆயில் ஊற்றி ஓடவிட்டாள். பிறகு அவரைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டு, தான் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உள்ளே என்னவோ பேசினாள். இறங்கி வந்து, "பதில் உள்ள இருக்கு. அடுத்த ஆயில் மாத்தும்போது கேட்டுக்கங்க" என்றாள்.

அன்று மாலையே அவர் திரும்பி வந்தார். "ஓட வேண்டிய கிலோமீட்டர் ஓடாம நான் நட்டைத் தொட மாட்டேன்" என்று அனுப்பிவிட்டாள். அதன்பிறகு அந்த வட்டாரத்தில் வேறு லாரிக்காரர்களுக்கு லோடு கிடைக்கவில்லை. செங்கல், பஞ்சு, கண்ணாடி, யாரோ ஒருவரின் கட்டில் பீரோ, எதைக் கேட்டாலும் ஹாரன் ஒன்று அடித்துவிட்டுக் கிளம்பினார். லோடு இல்லாத நாளில் சும்மாவே ஊரைச் சுற்றினார். தன் குரல் அவள் குரலோடு கலந்துவிடுமோ என்ற பயத்தில் கேபினுக்குள் மூச்சுக்கூடப் பார்த்துத்தான் விட்டார். பேசாத பேச்செல்லாம் அவருக்குள்ளேயே சேர்ந்தது. கன்னம் கொஞ்சம் உப்பியதாகக்கூட அந்த மாதம் அவரைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

கிலோமீட்டர் முடிந்த காலையில் ஒர்க்‌ஷாப் வாசலில் தெருவே கூடிவிட்டது. அவள் நட்டைக் கழற்றினாள். ஆயில் தேன் நிறத்தில், அதிகம் கறுக்காமல், நிதானமாக இறங்கியது. அவள் குரலில் பேசியது. "எனக்குச் சம்மதம். எப்பவோ சம்மதம். ஆனா இதை எங்கப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும். உங்க வாயால. ஹாரன் அடிச்சா ஒத்துக்க மாட்டேன்."

"என்ன சொல்லுது?" என்று பஸ் சீட்டிலிருந்து கழுத்தை நீட்டினார் அப்பா.

ஹாரன் அவர் எதிரில் போய் நின்றார். காது மடல் சிவந்தது. வாயைத் திறந்தார், மூடினார். கை பழக்கத்தில் காற்றில் ஹாரனைத் தேடியது. பிறகு ஒரு மாதமாகச் சேர்ந்திருந்தது முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"உங்க பொண்ணு என்னைக் கட்டிக்கறேன்னு சொல்லுது மாமா!"

மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் திரும்பிப் பார்த்தன. நின்றிருந்த கார்களின் கண்ணாடிகள் அதிர்ந்தன. அந்தச் சத்தம் அப்பாவின் காதுக்குள் பல வருஷத்துக்குப் பிறகு நுழைந்த முதல் சத்தம். அவர் சாவகாசமாக எழுந்து நின்றார்.

"அப்படியா மாப்பிள்ளை? இதை மொதல்லயே இப்படிச் சத்தமா சொல்லியிருக்கலாமே!"

அந்த லாரி இப்போதும் ஓடுகிறது. ஆயில் மாற்றத்தில் ஒருநாள்கூடத் தாமதம் கிடையாது, கம்ப்ரசர் போடுவதும் கிடையாது. இறங்கும் ஆயிலில் அவர் குரலும் அவள் குரலும் கலந்து வரும். பாதி சண்டை, பாதி சிரிப்பு. சில வருஷங்களாக மூன்றாவதாக ஒரு சின்னக் குரலும் நடுவில் புகுந்து, தாத்தாவுக்கு எல்லாவற்றையும் கத்திக் கத்தித் திரும்பச் சொல்கிறது. லாரிக்குள் தாத்தா இல்லாதபோதும் அப்படித்தான். அந்தக் குழந்தைக்கு மெதுவாகப் பேசத் தெரியாது என்பதைத் தவிர, அந்த வீட்டைப் பற்றி ஊரில் வேறு புகார் இல்லை.