ஷாத்லியின் கழுத்துப் படம்

ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் ஷாத்லியின் கழுத்து ஸ்கேன் படம் ஒரு வெள்ளிக்கிழமை காலை செத்துப்போனது. மதியத் தொழுகை முடிந்ததும் அதைக் குளிப்பாட்டிப் புதைத்தார்கள்.

படம் எடுத்தவர் பேராசிரியர் ஸுஹைர். நோயாளியின் முகத்தை நிமிர்ந்தும் பார்க்காத மகான். கட்டியை மில்லிமீட்டரில் அளப்பார், கழுத்து நெறிக்கட்டிகளை எண்ணுவார், நோய் எத்தனையாவது நிலை என்று எழுதிவிட்டு, சாகும் நாளை ரயில் நேரம் மாதிரி அறிவிப்பார். "குரல்வளைல புத்து, நாலாவது நிலை. பதினோரு மாசம்" என்றார் ஷாத்லியின் மனைவி ஸக்கியாவிடம். அந்த நோயின் பெயரை நோயாளியின் காதில் போடும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. வாசலில் காத்திருந்த கணவரிடம் அவள், "வெறும் வீக்கந்தான். கரண்ட் வச்சா வத்திரும்" என்றாள். படத்தை அலமாரிக்குப் பின்னால் செருகினாள். அவரும் ஏழு வாரம் வீக்கத்துக்கென்றே கதிர்வீச்சுக்குப் போய்வந்தார்.

உண்மை தெரிந்தது ஷாத்லிக்கல்ல, படத்துக்குத்தான் என்பதாலோ என்னவோ, கட்டி அதிலேயே வளர்ந்தது. மாதாமாதம் வெள்ளைத் திட்டு ஒரு விரற்கடை பெருத்தது. படம் இருமியது, சளி துப்பியது, அலமாரியின் பின்பலகை ஊறிப்போனது. ஷாத்லிக்கோ தொண்டை திறந்து, அவர் கூவும் இறால் விலை அடுத்த தெருவரை கேட்டது. படம் போனால் அவரும் போய்விடுவாரோ என்ற பயத்தில் ஸக்கியாவுக்குத்தான் சோறு தண்ணி இறங்கவில்லை.

பதினோரு மாதம் முடிந்த அந்த வெள்ளிக்கிழமை, சொன்ன நாளிலேயே, படம் முழுக்கக் கறுத்தது. ஷாத்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. பேராசிரியர் துக்கம் கேட்க வந்தார். தன் கணிப்பு பலித்ததா என்று பார்க்க வந்தார் என்பதே சரி. ஷாத்லி நீட்டிய காப்பியை உறிஞ்சியபடி, 'இறப்பு: கணித்த நாளிலேயே' என்று குறித்துக்கொண்டார்.

"உங்களுக்குக் காப்பி குடுத்ததே அவருதான் டாக்டர்" என்றாள் ஸக்கியா, கணவர் காதில் விழாதபடி.

"அது உங்க வீட்டு விஷயம்மா. என் கணிப்புல பிசகில்ல."

இவ்வளவு படித்தும் இந்த லட்சணம். ஸக்கியா கோப்பையைப் பிடுங்காத குறைதான்.

கூட்டம் கலைந்ததும் ஷாத்லி கேட்டார்: "இத்தன நாள் வச்சிருந்தோமே, யாரோட கழுத்து அது?"

"யாரோ துறைமுகத்து ஆளு."

"அவன்கிட்ட யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்ல."

"நல்லவேள. சொல்லியிருந்தா அப்பவே செத்திருப்பான்" என்றவர், அந்த ஆளுக்காகக் கையேந்தி துஆ கேட்டார். மறுநாள் காலை ஏலத்துக்குப் போனார். அன்று கணவாய்க்கு நல்ல விலை.