கதாநாயகனின் தாய்க்குக் கிட்னியில் ஒன்றுமில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. அது அனுஷ்காவின் சிரிப்பிலிருந்து வந்தது. கொழும்பில் வேலை செய்பவள், நத்தார் என்கிற கிறிஸ்மஸ் லீவுக்கு ஆலங்குடாவுக்கு வந்தவள், தாய் அல்பொன்சாவின் வீட்டு ஹோலில் டீவிக்கு முன்னால் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் இரண்டு வீடுகளுக்கிடையில் பேச்சு நின்றுவிட்டது.

ஆனால் சிரிப்பில் தொடங்கினால் யார் எவரென்று விளங்காது. ஆகவே வேறு தொடக்கங்கள் எழுதிப் பார்க்கப்பட்டன.

தொடக்கம் ஒன்று: "ஆலங்குடாவில் அன்று காலையிலிருந்து பனி பெய்துகொண்டிருந்தது." (பெய்யவில்லை. வெயிலில் கோழிகூட நிழல் தேடிக்கொண்டிருந்தது.)

தொடக்கம் இரண்டு: "உப்பளத்தில் குவிந்திருந்த உப்பு பனிமலையைப் போல" (இந்த இடத்தில் எழுதுகிறவளுக்கே சலித்துவிட்டது. உப்பைப் பனியாக்குவது யாருக்கும் தோன்றும். தவிர, உப்பில் சறுக்கி விழுந்து காதலித்தால் முழங்கால் எரியும்.)

தொடக்கம் மூன்று: "மர்ஷூதாவின் வீட்டுக்கும் அல்பொன்சாவின் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி இருந்தது. வேலியில் ஓர் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை" — வேண்டாம். வேலி என்று எழுதினால் உடனே அதற்குள் பெரிய அர்த்தம் தேடுவார்கள். அது கோழி போய்வந்த ஓட்டை. பிறகு மர்ஷூதா போய்வந்து பெரிதானது. அவ்வளவுதான்.

எழுதுகிறவள் யாரென்று கேட்பீர்கள். மர்ஷூதாவின் மகள்தான். "உம்மா" என்று எழுதினால் கூடவே "நான்" வந்து குந்திக்கொள்ளும். அதற்கு இந்தக் கதையில் கதிரை இல்லை. பெற்றவளைப் பெயர் சொல்லி எழுதுவது மரியாதையில்லை என்று தெரியும். கதை முடியும்வரை பொறுத்துக்கொள்ளவும்.

2

அல்பொன்சா வீட்டுக் கூரையில் டிஷ் பூட்டிய வருடம்தான் நத்தார்ப் படங்கள் இந்த ஒழுங்கைக்குள் வந்தன. டிசம்பர் பிறந்தால் பின்னேரம் நாலு மணிக்கு நாளுக்கொரு படம். பேச்சு ஆங்கிலம். கீழே சிங்கள எழுத்து ஓடும். மர்ஷூதா அஸர் தொழுதுவிட்டு வேலி ஓட்டையால் போவாள். அவளுக்கென்று அங்கே ஒரு நீலக் கதிரை இருந்தது. மகள் பின்னால் பாயில் இருப்பாள். அல்பொன்சாவின் கணவர் சவிரிமுத்து, விடியுமுன் கடலுக்குப் போய் வந்த களைப்பில், சாய்மனைக் கதிரையில் தூங்குவார். கடைசிப் பாட்டுச் சத்தத்தில் விழித்து, "கலியாணம் முடிஞ்சுதா?" என்று கேட்பார். எந்தப் படத்துக்கும் அந்தக் கேள்வி பொருந்தியது.

ஏனென்றால் எல்லாம் ஒரே படம்தான். பெரிய பட்டணத்தில் பெரிய வேலை பார்க்கும் பெண். அவள் காதில் எப்போதும் போன். அவளுக்குப் பேசிய மாப்பிள்ளையின் காதிலும் போன். அவள் ஒரு சின்ன ஊருக்கு வருகிறாள். குதி உயர்ந்த செருப்போடு பனியில் சறுக்குகிறாள். கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் பிடித்துக்கொள்கிறான். அதுவரை அவன் கையிலிருந்த விறகு என்னவாயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஊரில் யாருக்கும் பசியில்லை, ஆனாலும் பேக்கரி மூடப்படப் போகிறது. சனங்கள் நாள் முழுக்க பல்ப் மாலை கட்டுகிறார்கள்.*

(* மர்ஷூதா ஒருமுறை சொன்னாள்: "இவங்கட பெருநாளுக்கு இவ்வளவு வேல ஈக்கு, நோன்பு மட்டும் இல்ல." அல்பொன்சா சொன்னாள்: "தவசு காலம் வேற மாசம் தங்கச்சி. அதையெல்லாம் படமெடுக்க மாட்டாங்கள்.")

இப்படியான படத்தை எதற்காகப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. முடிவு தெரியாவிட்டால்தான் கதையில் சுவை என்பார்கள். அவர்கள் வீட்டில் யாரும் கடலுக்குப் போவதில்லை என்று எழுதுகிறவள் நினைக்கிறாள். அல்பொன்சாவுக்கு ஒவ்வொரு விடியலிலும் முடிவு தெரியாத படம் ஒன்று ஓடுகிறது. பின்னேரத்திலாவது தெரிந்த முடிவு ஒன்று வரட்டுமே. மர்ஷூதாவுக்கு வேறு காரணம். அந்த ஊரில் யாரும் யாரையும் பார்த்துக் கத்துவதில்லை. கோபம் வந்தால் ஜன்னலுக்குப் போய் வெளியே பார்க்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தே தீர்ந்துவிடுகிற சண்டை, மர்ஷூதா தன் சொந்தக்காரர்களிடம் கண்டதில்லை.

முதல் படத்திலேயே மர்ஷூதா கேட்டாள்: "என்ன செல்றான் அக்கா?"

அல்பொன்சா சிலாபத்தில் பிறந்தவள். மீன் சந்தையில் சிங்களத்தில் விலை பேசி, சிங்களத்தில் ஏசி வளர்ந்தவள். ஆகவே வாசிக்கவும் தெரியும் என்று மர்ஷூதா நினைத்தது நியாயம். அல்பொன்சா திரையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "அவன் சொல்றான்," என்று தொடங்கினாள். அதற்குப் பிறகு எந்த டிசம்பரிலும் நிறுத்தவில்லை.

அல்பொன்சாவின் மொழிபெயர்ப்பில் வெள்ளைக்காரர்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். மாப்பிள்ளைகள் சீதனம் வேண்டாமென்றார்கள். பேக்கரிக்காரிக்கு ஒரு நாத்தனார் இருந்தாள், எல்லாப் படத்திலும் அவளால்தான் பிரச்சினை. அந்த நாத்தனார் திரையில் ஒருநாளும் வரவில்லை. முத்தம் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் அல்பொன்சா, "தங்கச்சி, குசினியில பால் பொங்குதா எண்டு பார்," என்பாள். மர்ஷூதா போய்ப் பார்ப்பாள். அடுப்பில் பால் இருந்ததே இல்லை.

3

இனி அந்தச் சிரிப்பு.

இந்த டிசம்பர் நடுவில் ஒரு பழைய படம் மறுபடி ஓடியது. நத்தார் மரத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவனும் அவன் தாயும். மர்ஷூதாவுக்கு நன்றாக நினைவிருந்தது. தாய்க்கு இரண்டு கிட்னியும் பழுது. டொக்டர் கைவிட்டுவிடுவார். மகன் மரங்களை விற்று வைத்தியம் செய்வான். நத்தாரன்று அவள் எழும்பி நடப்பாள். முன்பு அதைப் பார்த்தபோது மர்ஷூதா முந்தானை நனைய அழுதிருந்தாள்.

"அனுஷ்கா மகள், இந்த மனுசிய நல்லாப் பாருங்க," என்றாள். "இவக்குத்தான் கிட்னி."

"எந்தக் கிட்னி?"

அனுஷ்கா கீழே ஓடிய எழுத்தை வாசித்தாள். "பல்ப் மாலை காணாதாம் எண்டெல்லோ சொல்றா. கடைக்குப் போகப் போறாவாம்."

மர்ஷூதா அல்பொன்சாவைப் பார்த்தாள். அல்பொன்சா நத்தார் மரமாக மூலையில் நட்டிருந்த சவுக்குக் கிளையையும் அதில் தொங்கிய பஞ்சையும் பார்த்தாள். அப்போதுதான் அனுஷ்காவுக்கு விளங்கியது. சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது.

"ஆன்டி, அம்மாக்குச் சிங்களத்தில ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாதே. பஸ் போர்டையும் என்னட்டத்தான் கேப்பா."

மர்ஷூதா எழும்பி முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"அந்த மனுசிக்கு நான் துஆக் கேட்டன்," என்றாள். "தொழுதுட்டுக் கையேந்திக் கேட்டன். பேர் தெரியா, அந்த மரக்காரன்ட உம்மாக்கு சுகத்தக் குடு ரப்பே எண்டு."

அந்தச் சத்தத்தில் சவிரிமுத்து விழித்தார்.

"கலியாணம் முடிஞ்சுதா?"

மர்ஷூதா வெளியேறினாள். வேலி ஓட்டையால் அல்ல, கேற்றைத் திறந்து, தெருவில் இறங்கி ஒழுங்கையால். இந்த இரண்டு வீடுகளுக்குமிடையில் ஒழுங்கையால் போவதென்றால், அதற்குமேல் ஏசத் தேவையில்லை.

4

இங்கே ஒரு சந்தேகம். வளர்ந்த ஒருத்தி ஒரு படத்துக்காக இவ்வளவு கோபிப்பாளா? வாசகர் நம்பமாட்டார் என்ற பயத்தில் வேறு காரணங்கள் தேடப்பட்டன. ஆடு வந்து வெங்காயப் பாத்தியைத் தின்றது. (ஆலங்குடாவில் இதற்கெல்லாம் கோபித்தால் பேச ஆள் மிஞ்சாது.) எல்லைக் கல்லை யாரோ நகர்த்தி — அது வேறு யாரோ எழுதவேண்டிய கதை.

இல்லை, காரணம் துஆதான். மர்ஷூதா எதையும் இரண்டு முறை கேட்பவளல்ல. கடவுளிடம்கூட. ஒரு தடவை கேட்டதை இல்லாத மனுசிக்காக வீணாக்கிவிட்டோமே என்று அவள் தேங்காய் துருவும்போதும் நினைத்தாள், உடுப்புத் தோய்க்கும்போதும் நினைத்தாள். நாலு மணியானால் அவள் கால் தானாகவே வேலிப் பக்கம் திரும்பும். காலைத் திட்டுவாள். பிறகு ஜன்னலுக்குப் போய் வெளியே பார்ப்பாள். படத்தில் வேலை செய்வது இந்த ஜன்னலில் வேலை செய்யவில்லை.

5

கேக் ட்ரே பற்றி முதலே சொல்லியிருக்க வேண்டும். மறந்துபோயிற்று. இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய் நுழைத்துவிடலாம், ஆனால் நுழைத்தது தெரியும். இங்கேயே சொல்வது மேல்.

நத்தார் கேக்கில் பிராந்தி சேர்ப்பார்கள். மர்ஷூதாவின் வீட்டில் அது ஆகாது. ஆகவே அல்பொன்சா அவர்களுக்குத் தனியாகப் பிராந்தி இல்லாத கேக் சுடுவாள். அதற்கான ட்ரே மர்ஷூதாவுடையது. நத்தாருக்கு ஒரு வாரம் முந்தி வேலி ஓட்டையால் போகும், நத்தாரன்று கேக்கோடு திரும்பும். மர்ஷூதாவின் கேக் வெந்து இறங்கிய பிறகே பிராந்திப் போத்தலின் மூடி திறபடும். அது அல்பொன்சா குசினியின் சட்டம். கரண்டி மாறக்கூடாது, வாசம்கூடப் படக்கூடாது.

இந்த வருடம் ட்ரே போகவில்லை. அலுமாரிக்கு மேலேயே கிடந்தது.

இருபத்துநாலாம் தேதி பகல், சவிரிமுத்து வேலி ஓட்டைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கையில் ஒரு பாரை மீன். மீனைக் கொடுக்க வந்தவரைப்போல் தொடங்கினார், முடியவில்லை.

"பிள்ளை, அந்த ட்ரேயத் தா. அது வராட்டி போத்தல் திறக்கேலாதாம். பழமெல்லாம் வெட்டினபடி கிடக்கு. நாளைக்கு நத்தார், வீட்டில ஒரு துண்டு கேக் இல்ல. நான் என்ன பாவம் செஞ்சன்?"

"அக்கா அனுப்பினாவா, அண்ணன்?"

"அனுப்புறதா? நான் இஞ்ச நிக்கிறது தெரிஞ்சா எனக்குச் சோறுமில்ல."

மர்ஷூதா மீனை வாங்கினாள். அவர் போனபின் அலுமாரிக்கு மேலிருந்து அதை இறக்கி, தூசு துடைத்தாள். (இங்கே ஒரு நீண்ட வாக்கியம் இருந்தது. அதில் நிலாவும் வந்தது, பகலாக இருந்தும். வெட்டியாயிற்று.) துடைத்துக்கொண்டே மகளிடம் கேட்டாள், அந்தக் கிட்னிப் படம் முதல் வந்தது எப்போது என்று.

மகளுக்கு நினைவிருந்தது. மர்ஷூதாவின் தாயைக் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன டிசம்பர். அவவுக்குத்தான் கிட்னியில் கோளாறு. மர்ஷூதா வார்டிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கி, சிவந்த கண்ணோடு நேரே போய் நீலக் கதிரையில் இருந்தாள். அல்பொன்சா ஒன்றும் விசாரிக்கவில்லை. திரையைப் பார்த்து, "அவன் சொல்றான், எங்கட அம்மாக்குக் கிட்னியாம்," என்று தொடங்கினாள். படம் முடிவதற்குள் அந்தத் தாயை எழுப்பி நடக்கவைத்துவிட்டாள். (மர்ஷூதாவின் தாயும் பிறகு எழும்பிவிட்டார். இப்போது டொக்டர் வேண்டாமென்ற கருவாட்டை ஒளித்துத் தின்கிறார்.)

மர்ஷூதாவின் கை ட்ரேயில் நின்றுவிட்டது.

"கேட்ட துஆ போற எடத்துக்குத்தான் போயீக்கு," என்றாள், ட்ரேயிடம் சொல்வதுபோல்.

6

முடிவுகள்.

(அ) மர்ஷூதா ட்ரேயோடு ஓடுகிறாள், சறுக்குகிறாள், அல்பொன்சா தாங்கிப் பிடிக்கிறாள், ஊர் கைதட்டுகிறது. சிக்கல்: மர்ஷூதாவுக்கு ரப்பர் செருப்பு, சறுக்காது. அல்பொன்சாவுக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு, தாங்கமாட்டாள்.

(ஆ) வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் வந்து இருவருக்கும் புத்தி சொல்கிறார். அக்கம்பக்கத்தில் தாடி இருப்பவர் மீன் லொறிக்காரர் மட்டும். அவர் புத்தி சொன்னால் சண்டை பெரிதாகும்.

(இ) யாரும் போகவில்லை. ட்ரே மறுபடி அலுமாரிக்கு மேல் ஏறுகிறது. வேலி ஓட்டையில் புல் முளைக்கிறது. இது கனமான முடிவு. இதற்குப் பரிசுகூடக் கிடைக்கலாம். ஆனால் டிசம்பர் முழுக்கப் பாயில் இருந்து அந்தப் படங்களைப் பார்த்த ஒருத்தி இதை எழுதினால், அது நன்றிகெட்ட வேலை.

7

அஸர் தொழுது முடித்ததும் மர்ஷூதா ட்ரேயை எடுத்தாள். வேலி ஓட்டையால் முதலில் ட்ரே போனது, பிறகு அவள், பிறகு மகள்.

அல்பொன்சா குசினி வாசலில் நின்றாள். ட்ரேயைப் பார்த்தாள், மர்ஷூதாவைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் கேக் அடுப்புக்குள் போன சத்தம் கேட்டது. சவிரிமுத்து போத்தல் இருந்த அலுமாரியை ஒருதரம் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

டீவியில் ஒருத்தி பனியில் சறுக்கிக்கொண்டிருந்தாள். நீலக் கதிரை அதே இடத்தில் இருந்தது. அதில் ஒரு சீலை மடித்து வைக்கப்பட்டிருந்தது, வேறு யாரும் இருந்துவிடாமல். மர்ஷூதா சீலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அல்பொன்சா கையைத் துடைத்தபடி வந்து பக்கத்தில் இருந்தாள். இருவரும் திரையையே பார்த்தார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரன் வந்தான். விறகைக் கீழே போட்டான். அவளைப் பார்த்து ஏதோ சொன்னான்.

கீழே எழுத்து ஓடியது. அனுஷ்கா அதை வாசித்தாள். வாய் திறந்தாள். பிறகு முறுக்கு ஒன்றை எடுத்துத் திறந்த வாய்க்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"என்ன செல்றான் அக்கா?" என்று மர்ஷூதா கேட்டாள்.

அல்பொன்சா திரும்பி அவளைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். திரைக்குத் திரும்பினாள்.

"அவன் சொல்றான்,"

(எழுதுகிறவள் இந்த இடத்தில் பேனையை வாசகரிடம் நீட்டுகிறாள். சிங்களமோ ஆங்கிலமோ தெரிய வேண்டியதில்லை. இரண்டு நிபந்தனைகள்தான்: யாருடைய தாய்க்கும் ஒன்றும் ஆகக்கூடாது, அவன் முதலில் அவள் சாப்பிட்டாளா என்று கேட்க வேண்டும். கொஞ்சம் கெதியாகச் சொல்லவும். அவன் அவள் பக்கமாகக் குனிகிறான். இந்தமுறை குசினியில் உண்மையாகவே கேக் இருக்கிறது, பார்க்கப் போகச் சொல்லிவிடுவார்கள்.)