ரூட்டரில் முதல் இடம்

மாலதி உயிரோடு இருந்தபோது வைஃபை பாஸ்வேர்டைத் தெருவுக்கே கொடுத்திருந்தாள். ஏரிக்கரைத் தெருவில் ஃபைபர் இழுத்த வீடு அது ஒன்றுதான். கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லாமல் கொடுத்தாள். அவள் போன பிறகு கணவன் லோகேஷ் அதை மாற்றவில்லை. அதற்குக் காரணம் என்று எதுவும் கிடையாது. எதையுமே அவன் மாற்றவில்லை.

இப்போது ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. சென்னையில் இருக்கும் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களின் அழைப்புகளுக்குப் பதில் சொல்வது அவன் வேலை. பேச்சு விட்டு விட்டுக் கேட்கிறது என்று புகார்கள் குவிந்துவிட்டன. திங்கட்கிழமை மேலாளரே அழைத்துச் சோதிப்பதாகச் சொல்லியிருந்தார். அன்றும் குரல் உடைந்தால் ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டியதுதான். அப்படிப் போனால் மூன்று வயது மகள் சந்தியாவை மாமியார் நாகம்மாளிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். நாகம்மாள் அடுத்த வீடு. "நீ பட்டணம் போ மாப்ள, புள்ளய நான் பாத்துக்கறேன்" என்று மகளின் காரியம் முடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தெருவே ஒரே இணைப்பை இழுப்பதுதான் தொல்லை; பாஸ்வேர்டை மாற்றினால் அன்றே தீரும். அதற்கு அவனுக்கு மனம் வரவில்லை. ரூட்டரின் பக்கத்தைத் திறந்து முன்னுரிமை வைத்தான். தன் லேப்டாப் முதலில், மற்றவை எல்லாம் கீழே. பழைய கல்லூரி நண்பனை அழைத்துப் பார்த்தான். குரல் முன்போலவே உடைந்தது.

கையேட்டை மறுபடி படித்தபோது தவறு தெரிந்தது. இணைப்பின் வேகம் என்ற இடத்தில் விளம்பரத்தில் இருந்த எண்ணைப் போட்டிருந்தான். உண்மையில் வருகிற வேகத்தை அளந்து, அதைவிடக் கொஞ்சம் குறைத்துப் போட வேண்டும். கூட்டிப் போட்டால் இடம் தாராளமாக இருப்பதாக நினைத்து ரூட்டர் யாரையும் நிறுத்தி வைக்காது. ஆனால் அளக்கும் நேரத்தில் வேறு யாரும் இணைப்பைத் தொடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தெருவில் இறங்கினான். எல்லப்பன் வேப்பமர நிழலில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். ஏரியில் எந்த நாள் எந்த இடம் யார் வலைக்கு என்று முறை வைத்துச் சொல்பவர் அவர். அந்த முறைக்குப் பாடு என்று பெயர்.

"இன்னாடா, கம்ப்யூட்டர உட்டுட்டு வெயில்ல சுத்தற?"

"ஒரு நிமிஷம் எல்லாரும் வைஃபைய அணைக்கணும் சித்தப்பா. வேகம் அளக்கணும். அப்பால வரிச போடணும், யாரு முன்னாடி யாரு பின்னாடினு."

"பாடு மாதிரியா? இன்னிக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு?"

"இல்ல. எப்பவும் எல்லாருக்கும் உண்டு. நெருக்கடி வந்தா மட்டும் எனக்கு மொதல்ல."

"எப்பவும் நீதான் மொதல்லயா? அதுக்குப் பேரு பாடு இல்ல, அடாவடி."

எதிர்வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சுதா, "மாசாமாசம் பில்லு கட்றது அவரு. ஓசியில கபடி பாத்துகினு நீ அடாவடின்றியா?" என்றாள்.

எல்லப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து நின்று, கரையில் கூவுகிற குரலில், "எல்லாம் போன அணைங்க, லோகேசு அளக்கப் போறான்" என்று தெருக்கோடி வரைக்கும் சொன்னார்.

லோகேஷ் வீட்டுக்கு வந்து பார்த்தான். பட்டியலில் இருந்த கருவிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்று மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது. நாகம்மாளின் டிவி.

போனான். நாகம்மாள் டிவி முன் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். சீரியல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சந்தியா தோல்களைத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்த, ஒரு நிமிஷம் அணைக்கச் சொன்னாங்களே."

"காதுல உழுந்துது."

அவள் எழவில்லை. கையில் இருந்த இறாலை உரித்து முடித்தாள்.

"அணைச்சா உன் பேச்சு ஒடையாது. ஒடையலன்னா இங்கயே இருப்ப. இருந்து இன்னா பண்ணப் போற மாப்ள? காதுல மிசின மாட்டிகினு ஊருக்கெல்லாம் பதில் சொல்ற. உன் புள்ள நைனா நைனான்னு கத்துது. திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்ற."

அது உண்மை. வெட்கம்கூட யாருக்கோ வர வேண்டியது போலத் தள்ளியே நின்றது.

"இன்னா பண்ணுவேன்னு தெரியல அத்த" என்றான். "ஆனா இவள உட்டுட்டு என்னால போவ முடியாது."

சொல்லும் வரை அது அவனுக்கே தெரியாது. வாடிக்கையாளர்களிடம் பேசும் அதே குரலில்தான் வந்தது.

நாகம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து, ரிமோட்டைத் தேடாமல் சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கினாள்.

"சீக்கிரம் அள. கத முக்கியமான எடத்துல நிக்குது."

அளந்தான். விளம்பரத்தில் இருந்ததில் பாதிகூட வரவில்லை. அதிலும் கொஞ்சம் குறைத்துப் போட்டான். லேப்டாப்பை முதலில் வைத்தான். இரண்டாவதாக நாகம்மாளின் டிவியை வைத்தான். மற்றவற்றைக் கீழே விட்டுச் சேமித்தான்.

திங்கட்கிழமை மேலாளர் நெடுநேரம் பேசினார். சுவருக்கு அந்தப் பக்கம் சீரியல் பாட்டு கேட்டது. குரல் ஓரிடத்திலும் உடையவில்லை.

"கிளியரா இருக்கு லோகேஷ். வீட்லேர்ந்தே பண்ணுங்க."

"சரி சார்."

சந்தோஷம் என்று சொல்லும்படி ஒன்றும் வரவில்லை. ஹெட்செட்டைக் கழற்றினான். வாசற்படியில் நின்று சந்தியா, "நைனா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

திரும்பினான்.

"இன்னாம்மா?"

அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அவன் மறுபடியும் இன்னா என்று கேட்டான்.