நூலில் தட்டிய மணிகள்

“பாகு பதம் பாக்கற மாதிரி இழுக்கறீங்களே, கம்பிப் பதம் வந்துச்சா?”

“கிண்டலா? இந்தா, லேப் அம்மாவே தடவிப் பாருங்க. மணி தட்டினா சொல்லுங்க.”

கல்யாணமான புதிதில் உலையருகே நாங்கள் பேசிக்கொண்டது. ஈயப் பொடியையும் வெள்ளை மணலையும் மூசையில் ஒன்றாக உருக்கித் தண்ணீரில் கொட்டுவார் என் கணவர். படபடவென்று வெடித்து நொறுங்கும் அந்தக் கண்ணாடிதான் ஃபிரிட். அதை அரைத்துக் கிண்ணங்களுக்குப் பூசுவார். கொட்டுவதற்கு முன் ஒரு கம்பியை விட்டுக் கண்ணாடியை நூலாக இழுத்துப் பார்க்க வேண்டும். உருகாத மணல் விரலில் மணியாகத் தட்டினால் உருக்கு சரியில்லை; ஈயம் கண்ணாடிக்குள் அடங்காமல், சாப்பிடுகிறவர் வயிற்றுக்குப் போய்விடும்.

அன்று நூல் பட்டாக இருந்தது. கேட்க வந்ததை விழுங்கிவிட்டுச் சிரித்தேன்.

இன்று நான் வேலை பார்க்கும் லேபில், அவருடைய புதுக் கிண்ணத்தில் ஊறவைத்த வினிகரைக் குழாயில் ஊற்றி, ஈயம் இருந்தால் கறுக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அவர் கிண்ணங்களுக்கு இதுவரை தெளிவாகவே இருந்தது, இந்த முறை மை கொட்டினாற்போல் கறுத்தது. குழாயைக் கழுவி மறுபடி செய்தேன். மறுபடியும் கறுத்தது.

வீட்டுக்கு ஓடி வந்தேன். பட்டறையில் அவர் உற்சாகமாக இருந்தார். சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்று மாட்டியிருந்தன. கொஞ்ச நாளாகவே அப்படித்தான்.

“போன உருக்கோட நூல் அங்க இருக்கு பாரு. என்ன வழவழப்பு!”

எடுத்துத் தடவினேன். மணி. அரை விரல் தள்ளி இன்னொரு மணி. நூல் முழுக்க மணிகள்.

“இதையா வழவழப்புன்னு சொல்றீங்க?”

“பின்ன? ஆசிட்ல ஊறி உன் விரல்தான் மரத்துப் போச்சு.”

சிரித்துக்கொண்டே நூலை என்னிடமிருந்து பிடுங்கினார். அது ஒடிந்து அவர் விரல் நுனியில் ஏறியது. ரத்தம் துளிர்த்தது. அவர் முகம் சுளிக்கவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை. அதே கையால் அடுத்த உருக்குக்கு ஈயப் பொடியை அள்ளத் தொடங்கினார்.

“ராத்திரிக்கு என்ன சாப்பாடு?” என்றார்.

பொடியில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“என்னம்மா, திடீர்னு பாசம்?”

“மரத்துப் போனது உங்க விரல்தான். ஈயத்தை விட்டுடுங்க,” என்றேன். “கல்யாணமான அன்னிலேர்ந்து கேக்கணும்னு இருக்கேன். எனக்காக விட்டுடுங்க.”